சடையன் மீசையும் சங்கத்துப் பெட்டியும்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் சடையனின் மீசையைத் தெரியாத ஆள் இருந்தால், அந்த ஆள் அன்றைக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும். வயது அறுபத்தொன்பது. படிப்பு நாலாம் கிளாஸ். மீசை மட்டும் இரண்டு காதையும் தொடப் பார்க்கும். தினமும் காலையில் விளக்கெண்ணெய் தொட்டு முறுக்குவார். ஊரில் எந்தச் சேலைக் கடைக்குப் போனாலும் மீசை முதலில் உள்ளே போகும், ஆள் பிறகுதான் போவார். மீசை தெரிந்ததும் கடைக்காரர்கள் புது டிசைன்களை வாரிச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். சடையனும் அவர் கடையில் அப்படித்தான் செய்வார். ஒருத்தரை ஒருத்தர் நம்புகிற தொழில் அல்ல அது.

அந்த மீசையைத்தான் திங்கட்கிழமை சங்கக் கூட்டத்தில் பணயம் வைத்துவிட்டு வந்திருந்தார்.

சேலை வியாபாரிகள் முப்பத்தாறு பேர் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம். எல்லோருடைய சேலைகளும் ஒரே வெப்சைட்டில் இருக்கும். வீட்டில் இருந்தபடியே போனில் சேலை விற்கிற பெண்கள் ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஆர்டர் பிடிப்பார்கள். வெப்சைட் செய்து கொடுத்தவரின் சேலத்து சர்வரிலிருந்து படங்களை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கெல்லாம் சட்டென்று எடுத்து நீட்டுவதற்குச் சங்கத்து மாடி அறையில் ஒரு சர்வர் ஓடுகிறது. ஊரில் எல்லோரும் அதைப் பெட்டி என்றே சொல்வார்கள். வாரா வாரம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புது டிசைன்கள் திறக்கும். ஒரு மாதமாக மூன்று மணி ஆனாலே பெட்டிக்கு மூச்சு முட்டியது. போனில் வட்டம்தான் சுற்றியதே தவிர, சேலை வரவில்லை.

"பெரிய ஊருக் கம்பெனிக்காரங்ககிட்டக் குடுத்தரலாமுங்க. அவங்க மெசின்ல ஓடட்டும். நமக்கெதுக்கு இந்தத் தலவலி?" என்றார் சங்கத் தலைவர் முருகானந்தம்.

சடையன் எழுந்து நின்றுவிட்டார். "நம்ம சேலையக் கண்ணுக்குத் தெரியாத எடத்துல எவனோ வெச்சிருப்பானா? அதெல்லாம் ஆகாது. பொட்டி நம்ம ஊருல இருக்கோணும், சாவி என்ற இடுப்புல இருக்கோணும். வெள்ளிக்கிழம ஓடலீன்னா என்ற மீசையையே வழிச்சுக்கங்க, போங்க!"

கூட்டம் கைதட்டியது. பெட்டிக்காகத் தட்டியதா மீசைக்காகத் தட்டியதா என்பதை யாரும் விளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சடையன் பெட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பிடிபட்ட திருடனைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோகிலவாணி. பெட்டியைப் பராமரிக்கிறவள். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போவாள். இரண்டு வாரமாக அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்த லைட்டு ஏன் சாமி அணையவே மாட்டீங்குது?"

"டிஸ்க் லைட்டுங்க பெரியப்பா. டிஸ்க் வேல செஞ்சா எரியும்."

"இப்ப எவளும் சேல பாக்கற நேரமில்ல. கடையில யாவாரமே இல்லாதப்ப வேலக்காரன் மட்டும் குடோனுக்கும் கடைக்கும் ஓடிக்கிட்டே இருந்தா என்ன அர்த்தம்? திருடறான்னு அர்த்தம்."

கோகிலவாணி சிரிக்கவில்லை. சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவருக்கு விவரம் சொன்னாள். மெமரி என்பது கடை மேசை. அடிக்கடி கேட்கிற சேலை மேசை மேலேயே இருக்கும், உடனே எடுத்துக் கொடுக்கலாம். டிஸ்க் என்பது குடோன். அங்கே போய் எடுத்து வர நேரமாகும். குடோனில் எது எங்கே இருக்கிறது என்று எழுதிய நோட்டும் மேசை மேல்தான் இருக்க வேண்டும்.

"போன வாரம் பெரிய டிஸ்க்கா மாட்டுனனுங்க. குடோன் பெருசாச்சு. உள்ள போற சரக்கும் ஏறிப்போச்சு. சரக்கு ஏற ஏற நோட்டுத் தடிமனாகி மேச பூராவையும் புடிச்சுக்கிச்சு. சரின்னு மெமரியும் போட்டேன். முப்பத்திரெண்டு ஜீபீல இருவத்தெட்டச் சேலைக்கும் நோட்டுக்குமே தூக்கிக் குடுத்துட்டேன். இப்ப மெசினுக்கே உக்கார எடமில்லீங்க. மேசையில இருக்கறத எடுத்துக் குடோன்ல வெக்குது, வெச்சத மறுபடி எடுத்தாருது. அதாங்க லைட்டு அணைய மாட்டீங்குது."

"நல்லது பண்றேன்னு ஒவ்வொண்ணாப் பண்ணி, நீயே குடியக் கெடுத்துட்ட."

"ஆமாங்க" என்றாள் கோகிலவாணி. ஒளிக்காமல் ஒப்புக்கொண்டதால் சடையனுக்கு அவள்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ரொம்ப அல்ல, கொஞ்சம்.

"ஆனா ஒண்ணு புரியலீங்க. நூறு பேரு கேட்டா நாலு பேருக்குத்தான் உள்ள இருந்து எடுத்துக் குடுக்குது. மத்த தொண்ணூத்தாறு பேருக்கும் சேலத்துல இருக்கற பெரிய சர்வர்கிட்ட ஓடி வாங்கியாருது. அப்பறம் எதுக்கு இத்தன சரக்க அடச்சு வெச்சிருக்குது?"

"குடோன்ல என்ன இருக்குதுன்னு நாம் பாக்கோணும்."

"லச்சக்கணக்குல இருக்குதுங்க பெரியப்பா."

"இருக்கட்டும். காயிதத்துல எடுத்துக் குடு. கம்ப்யூட்டர் வாயால சொல்றத நான் நம்ப மாட்டேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் மறுத்திருப்பாள். இன்றைக்கு நாற்பது பக்கம் எடுத்துக் கொடுத்தாள். சடையனுக்கு எழுத்து தடுமாறும், எண் தடுமாறாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. முதல் பக்கத்துக்குத் திரும்பினார். இருபதாம் பக்கத்தைப் பிரித்தார். முகம் சிவந்தது.

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. இது என்ற சேல! மயில் பார்டர்! இங்கயும் இருக்குது, இங்கயும் இருக்குது, இதா இங்க பாரு, வரிசையா ஒம்பது! உன்ற பொட்டிக்குப் பைத்தியமா? ஒரே சேலைய எத்தன வெச்சிருக்குது?"

கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். "நாலாயிரத்து இருநூறுக்கு மேல இருக்குதுங்க. இந்த ஒரு மயில் மட்டும்."

"நெய்யறதே மாசத்துக்கு அறுவதுதான்!"

அவள் காதில் அது விழவில்லை. ஒவ்வொரு வரியின் வால் பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை எண் ஒன்றுதான். அதற்குப் பின்னால் பத்து இலக்கம், வரிக்கு வரி வேறு வேறு.

"பெரியப்பா, இது போன் நம்பருங்க. பாக்கறவங்களோட போன் நம்பரு படத்து மேல எதுக்குங்க?"

சடையன் கண்ணாடியைக் கழற்றினார். கை தானாக மீசைக்குப் போனது.

ஆறு வாரத்துக்கு முன்னால் அவருடைய மயிலை எவனோ அப்படியே காப்பியடித்துப் பாதி விலைக்கு விற்றான். சடையன் கூட்டத்தில் கத்திய கத்தலில் மின்விசிறியே நின்றுவிட்டதாக ஊரில் சொன்னார்கள். யார் படத்தைத் திறந்தாலும் அவர்கள் நம்பரைப் படத்தின் மேலேயே குத்திவிட வேண்டும், படம் வெளியே போனால் திருடன் யாரென்று தெரிந்துவிடும் என்பது அவருடைய யோசனை. மற்ற முப்பத்தைந்து பேரும் கைதட்டினார்கள். வெப்சைட் செய்து கொடுத்த சேலத்து ஆள் இரண்டே நாளில் அதைச் செய்து முடித்தான். கோகிலவாணியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. நம்பர் குத்துவதற்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

"அப்ப ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் படமுங்க" என்றாள் அவள் மெதுவாக. "நாமக்கல்லுல ஒரு அக்கா பாத்த படத்த, நாளைக்கு வேற யாராச்சும் கேப்பாங்கன்னு இது பத்தரமா எடுத்து வெக்குது. அந்த அக்கா நம்பரு குத்துன படத்த வேற யாருங்க கேப்பாங்க? ஒருத்தரும் வர மாட்டாங்க. இது நாலாயிரம் மயில மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குது."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லாதவளின் சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத சாமி."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சடையன் முறைத்துப் பார்த்தார். முறைத்துக்கொண்டே இருக்கும்போது மீசையின் வலது நுனி ஆடியது, அப்புறம் இடது நுனி ஆடியது, அப்புறம் வயிறே குலுங்கியது. யாரையும் நம்பாத ஆள் ஒருத்தர் கொண்டுவந்த யோசனையை முப்பத்தைந்து பேர் நம்பி, கடைசியில் இப்படி ஆகிப்போனதே! கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத அணைக்க முடியுமா?" என்றார்.

"ஒரு சுவிட்சுதானுங்க. ஆனா தலைவர் போனுக்கு ஓடீபீ போகும்."

ஒன்றரை மணிக்கு முருகானந்தம் மாடியேறி வந்தார். பின்னாலேயே கத்தி, கிண்ணம், துண்டோடு சவரம் செய்கிற அன்பரசும் வந்தார்.

"இவன எதுக்குக் கூட்டியாந்த?"

"மூணு மணிக்கு வேல இருக்குதுங்களேண்ணா. அலையக் கூடாதுன்னு கையோட கூட்டியாந்துட்டேன்."

சடையன் ஒரு நிமிடம் யோசித்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் மூன்று மணிக்குப் பெட்டி மூச்சு முட்டும், மீசை போகும், பெட்டியும் ஊரைவிட்டுப் போகும். சொன்னால் ஊர் முழுக்கச் சிரிக்கும். அவர் சுற்றி வளைக்கத் தெரியாத ஆள். "தப்பு பொட்டி மேல இல்ல. என்ற மேல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கோகிலவாணி நாற்பது பக்கத்தையும் நீட்டினாள்.

முருகானந்தம் காகிதத்தைப் பார்த்தார். சடையனைப் பார்த்தார். "நம்பர எடுத்துட்டா என்ற டிசைன் திருட்டுப் போவாதுங்களா?"

"நம்பர் இருக்கறப்ப எவனப் புடிச்ச? நம்பர் இருக்கற ஓரத்த வெட்டிப்போட்டுத்தான் அனுப்பறானுக."

முருகானந்தத்துக்கு அது தெரியும். அவர் கடையிலேயே அப்படி வெட்டிய படங்கள் இரண்டு வந்திருந்தன. ஆனாலும் வந்த வாய்ப்பை விட அவருக்கு மனமில்லை. "ஒரு மாசமா எங்களச் சுத்த உட்டது நீங்கதானுங்களா? அப்பச் சரி. ஓடீபீ வேணும்னா மீச வேணுமுங்க. பொட்டி ஓடுனாலும் மீச எங்களுக்கு, ஓடலீன்னாலும் எங்களுக்கு. ஓடுனா பொட்டி இங்கயே இருக்கும். அத நான் எழுதியே தாரேன்."

சடையன் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "ராமாயி, மீசையக் கேக்கறாங்க."

ராமாயியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "குடுத்துட்டு வாங்க! கண்ணாலமாகி நாப்பத்தாறு வருசமாச்சு. அதுக்கடியில என்ன இருக்குதுன்னு நானும் ஒருக்காப் பாக்கறேன்."

முருகானந்தம் ஆறு இலக்கத்தையும் சத்தமாகப் படித்தார். கோகிலவாணி நம்பர் குத்துவதை நிறுத்தினாள். குடோனைச் சுத்தமாகக் காலி செய்தாள். சேலைக்குக் கொடுத்திருந்த இருபத்தெட்டு ஜீபீயைப் பன்னிரண்டாகக் குறைத்து, "மீதிய மெசினுக்கே உட்டுட்டேன், மூச்சு உடட்டும்" என்றாள். பெட்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். அப்போது மணி இரண்டு நாற்பது. அன்பரசு கிண்ணத்தில் நுரை கலக்கத் தொடங்கினார்.

மூன்று மணி. திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. ஐயாயிரம் போன், ஒன்பதாயிரம் போன், பதினாலாயிரம் போன். கோகிலவாணி எண்ணை வாசிக்க வாசிக்க ஒருவரும் மூச்சுவிடவில்லை.

"நூத்துக்கு முப்பது உள்ள இருந்தே குடுக்குது. அறுவது. எழுவத்தெட்டு. தொண்ணூத்தி ஒண்ணுங்க!"

சடையன் திரையைப் பார்க்கவில்லை. திரையை அவர் நம்புவதில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு மினுக்கியது. அணைந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு முறை மினுக்கிவிட்டு மறுபடியும் அணைந்தது.

"அணஞ்சுபோச்சு!" என்று நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார். முருகானந்தம் தன் போனில் மயில் பார்டரைத் தொட்டார். விரலை எடுப்பதற்கு முன்னால் மயில் வந்து நின்றது. "அட!" என்றார். இன்னொன்றைத் தொட்டார். "அட!" மூன்றாவது ‘அட’வுக்குப் பிறகு கீழே ஆள் அனுப்பி எல்லோருக்கும் வடையும் டீயும் வாங்கிவரச் சொன்னார்.

அன்பரசு ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். சடையன் கண்ணாடியில் பார்த்தார். யாரோ ஒரு சாது உட்கார்ந்திருந்தான். மேல் உதட்டில் காற்றுப் பட்டது. டீயைக் குடித்தார். நுரை எதிலும் ஒட்டாமல் நேராக வாய்க்குள் போனது. காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. முருகானந்தம் மூன்றாவது வடையைத் தின்றுகொண்டிருந்தபோது அவர் படியிறங்கினார்.

தெருவில் ஒருவர்கூடக் கும்பிடவில்லை. முப்பது வருடமாகப் பஞ்சர் ஒட்டுகிறவன் அவரைத் தாண்டிப் பார்த்து எச்சில் துப்பினான். சடையனுக்கு முதலில் கோபம் வந்தது. நாலு அடி நடந்ததும் யோசனை வந்தது. கால் தானாகத் திரும்பி முருகானந்தத்தின் கடைக்குள் நுழைந்தது.

கடையில் சுகன்யா மட்டும் இருந்தாள். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து புதன்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தவள்.

"பேத்திக்குக் கண்ணாலம் சாமி. யாரும் கட்டாத மாதிரிச் சேலையா வேணும்."

அவள் ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். பாவம், நல்ல மனிதராகத் தெரிந்தார். குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தாள்.

"தீவாளிக்குத்தானுங்க தாத்தா இதெல்லாம் வெளிய வரும். யாருக்கும் காட்டக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காருங்க. பெரிய மீச வெச்ச சடையன்னு ஒருத்தரு வருவாராம். அவரு தலை தெரிஞ்சாலே சாத்திப்போடோணுமாம்."

"ஆமா சாமி, மோசமான ஆளு" என்றார் சடையன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "உள்ளயே உடாத. அந்த ரெண்டாவத சித்த விரிச்சுக் காட்டு."