அணைக்காத கற்பூரம்

மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் கண்ணாயி புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கருப்பண்ணனுக்கு இமைகள் வீங்கியிருந்தன. விடிந்ததிலிருந்து தண்ணீராகக் குடித்தும் நாக்கு வறண்டே கிடந்தது. ஒற்றை மூங்கில் ஏணியின் முதல் கணுவில் கால் வைத்தவன் தடுமாறி இறங்கிவிட்டான்.

"என்னப்பா, நேத்துச் சரக்கு இன்னும் இறங்கலையா?" என்று மரத்தின் மேலிருந்து ஒருவன் கத்தினான். கீழே மிளகு பொறுக்கிய பெண்கள் சிரித்தார்கள்.

மேஸ்திரி அர்த்தனாரி சிரிக்கவில்லை. போன பருவத்தில் குடித்துவிட்டு ஏறி விழுந்தவனைத் தூக்கிச் சுமந்தவர் அவர். அதிலிருந்து, சந்தேகத்துக்கு ஆளானவன் காட்டுக் கோயிலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால்தான் ஏணியைத் தொடலாம். மறுத்தால் அந்தப் பருவம் முழுக்க வேலை கிடையாது.

கண்ணாயிக்குத் தெரியும். அவன் குடிக்கவில்லை. வருஷக்கணக்காகத் தலையைக் கயிறு போட்டு முறுக்குவது போன்ற வலி அவனுக்கு. பெட்டிக்கடை மாத்திரையை டீயோடு தினமும் விழுங்கியும் நின்றபாடில்லை. அவள்தான் நாமக்கல் டாக்டரிடம் இழுத்துப்போனாள். அந்த மாத்திரையே வலியை வளர்க்கிறது என்று அவர் நிறுத்தச் சொன்னார். வேறொன்று எழுதிக் கொடுத்தார். வலி வந்தபின் போடுவதல்ல, வராமலிருக்கப் போடுவது. வலி இல்லாத நாளிலும் விடக்கூடாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றார். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி மருந்துக்கடைக்காரன் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாச்சே" என்று சொல்லித் தொலைத்தான். பஸ் மலை ஏறும்போதே கருப்பண்ணன் அவளை எச்சரித்தான். "வெளிய மூச்சு விட்டீன்னா பாத்துக்க."

இப்போது காட்டுக் கோயில் கல்லின் முன் கற்பூரம் எரிந்தது.

"மயக்கம் தர்ற எதையும் தொடலைன்னு அணைச்சுட்டுப் போய் ஏறு சாமி" என்றார் அர்த்தனாரி.

அணைத்துவிடுவான் என்றே கண்ணாயி நினைத்தாள். நீட்டிய கை நடுவில் நின்றது. கண்ணைச் செருக வைக்கும் ஒன்றை விழுங்கிவிட்டு, சாமி முன்னால் எப்படி இல்லையென்பான்? கையை இழுத்துக்கொண்டான்.

"முடியாதுங்க."

"சாமியே காட்டிக் குடுத்துருச்சு பாரு" என்றாள் ஒருத்தி.

அவள் வாயை மூடினால் அவன் குடிகாரன். திறந்தால் பைத்தியம். கண்ணாயி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பிறகு முன்னால் வந்துவிட்டாள்.

"அவரு குடிக்கலீங்க. தலைவலி வராம இருக்க மாத்திரை போடறாரு. அதுதான் தூக்கம் தூக்கமா வருது."

"வராத வலிக்கு எதுக்கு மாத்திரை?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆடு மேஞ்ச பொறவுதான் வேலி போடுவீங்களா?"

கடைக்காரன் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். "மனசு சோந்து போனவங்களுக்கும் குடுப்பாங்களாம். இவருக்குக் கொஞ்சமாத்தான்."

"அப்பக் கருப்பண்ணனுக்கு மறை கழண்டுருச்சா?" மறுபடி சிரிப்பு. அவன் நிலத்தையே பார்த்தான்.

அர்த்தனாரி கையமர்த்தினார். "எப்பப் போடறான்?"

"விளக்கு வெச்சதும் போடச் சொன்னாரு டாக்டர். அந்நேரம் நீங்கெல்லாம் எங்க ஊட்டு வாசல்ல மிளகு அளந்துட்டு இருக்கறீங்க. எல்லாரும் போனப்பறம், நேரங்கழிச்சு ஒளிஞ்சு போடறாரு. விடிஞ்சும் தெளியறதில்லீங்க."

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. "கண்ணு தெளியறவரைக்கும் ஏணியத் தொடாதே" என்றார் அவர். "கீழ உக்காந்து மிளகு உதிரு. தெளியலைன்னா டாக்டரையே போய்க் கேளு. பருவம் முடியறதுக்குள்ள தெளிஞ்சா உன் மரம் உனக்குத்தான்."

பகல் முழுக்கப் பெண்களோடு உட்கார்ந்து காம்பிலிருந்து மிளகை உதிர்த்தான். கண்ணாயியின் பக்கம் திரும்பவேயில்லை.

பொழுது சாய்ந்ததும் வாசலில் வழக்கம்போல் ஆட்கள் கூடினார்கள். அவளுக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. விளக்கைப் பொருத்தினாள், திரியைத் தூண்டினாள், மறுபடி தூண்டினாள்.

"ஏ புள்ள" என்று வாசலிலிருந்து சத்தமாகக் குரல் வந்தது. "அந்த மாத்திரையக் கொண்டா."

அர்த்தனாரியின் கையில் மிளகுப் படி அந்தரத்தில் நின்றது. எல்லாத் தலைகளும் கருப்பண்ணன் பக்கம் திரும்பின.

"தண்ணியும்" என்றான் அவன்.