பதினோரு மாதச் சமத்து

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தப்பு. நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தின் குறிப்பேட்டில், பதினோரு மாதப் பாப்பாவின் பெயருக்கு நேரே 'சமத்து' என்று எழுதிவிட்டேன். இருந்த அரை நாளும் அவள் அழவில்லை. எனக்கு வேறு சொல் தோன்றவில்லை.

மதியம் அவளை அழைத்துப்போக வந்த அம்மா அதைப் படித்துவிட்டு, காப்பகத்தை நடத்தும் பெரியக்காவிடம் சொன்னார்: "சமத்தா இருக்காளாமே. அப்ப நாளையிலேருந்து முழு நாளும் விட்டுடறேன்கா. ஆபீஸ்ல எப்பலேருந்தோ கேக்கறாங்க. இவ அழுவாளேன்னுதான் தள்ளிப் போட்டுட்டிருந்தேன்."

பெரியக்கா பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார். "மூணே வாரம். எப்பேர்ப்பட்ட அடங்காப்பிடாரியையும் பழக்கிடுவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கிளாசுக்குப் போய்ப் படிச்சுக் கிழிக்கறத நான் ஒரு கதவைச் சாத்தியே முடிச்சுட்டேன், பாத்தியா?"

கிள்ளியபோது பாப்பா முகம்கூடச் சுளிக்கவில்லை. நானோ பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

நான் போகும் குழந்தைப் பராமரிப்பு மாலை வகுப்பில் எங்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு குழந்தையைக் கவனித்து நேரத்தோடு குறிக்க வேண்டும். பாராட்டு, திட்டு எதுவும் கூடாது, கண்ணால் கண்டது மட்டும். என் குறிப்புகளை இன்று முதலிலிருந்து படித்துப் பார்த்தேன்.

முதல் வாரம்: பின்னறைத் தொட்டிலில் போட்டுக் கதவு சாத்தப்பட்டது. நாற்பது நிமிடம் அழுதாள். யாரும் போகவில்லை. இரண்டாம் வாரம்: பன்னிரண்டு நிமிடம் அழுதாள். யாரும் போகவில்லை. இன்று 11.10: அழவில்லை. 11.50: துணி ஊறித் தொடை சிவந்திருக்கிறது. அழவில்லை. குனிந்து கூப்பிட்டேன். சுவரைப் பார்த்தாள்.

அழுது அழுது கூப்பிட்டும் யாரும் வராததால், கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அதற்கு நான் வைத்த பெயர் சமத்து. புளித்த பால் வாடையும் மூத்திர வாடையும் வீசும் அந்த அறையைவிட என் கையெழுத்து நாறுகிறது. 'யாரும் போகவில்லை' என்று எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறேன், நான் அங்கே இல்லாதது போல.

இரண்டு மாதப் படிப்பை வைத்துக்கொண்டு நான் சொல்வது சரியா? தெரியவில்லை. குறித்த நேரங்கள் சரி. அது மட்டும் தெரியும்.

நாளை: ஏழே முக்காலுக்கு வாசலில் நிற்க வேண்டும். அவள் அம்மா முழு நாள் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், மூன்று வாரக் குறிப்பையும் அவர் கையில் கொடுத்து, 'சமத்து' நான் எழுதிய பொய் என்று சொல்ல வேண்டும்.