கம்பெனி பஸ் சிநேகிதி

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை போர்வைக்குள் கிடக்கலாம் என்று இருந்த பார்த்திபனை ஐந்தரைக்கே எழுப்பி, இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, கலசப்பாக்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்குக் காரைக் கிளப்ப வைத்துவிட்டாள் காந்தா. புதூர்நாட்டுப் பக்கம் ஒரு பண்ணை இருக்கிறது, டிக்கெட் வாங்கினால் பிள்ளைகள் ஆட்டுக்குத் தழை போடலாம், முட்டை பொறுக்கலாம், மத்தியானம் களி கிண்டுவதைப் பார்த்துச் சூடாகச் சாப்பிடலாம், எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அது பாதிதான் உண்மை. போன வாரம் பார்த்திபன் போனில் காட்டிய அந்தப் பண்ணைப் படத்தில், களிப்பானை முன்னால் குனிந்து நின்றவளின் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள். மாதம்மாளேதான். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு விட்டுப்போன மாதம்மாள். இன்றைக்காவது பேசுவாளா என்று மலை ஏறும் வழியெல்லாம் காந்தா யோசித்துக்கொண்டே வந்தாள்.

ஒரு காலத்தில் ஒருத்தியை விட்டு ஒருத்தியைப் பார்க்க முடியாது. புதூர்நாட்டிலிருந்து வந்த மாதம்மாள் திருப்பத்தூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். காந்தா அடுத்த தெரு. இருவருக்கும் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன் வரும் கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது வரிசை சீட்டு அவர்களுடையது. முதலில் ஏறுகிறவள் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடிப்பாள். ஆம்பூர் போய்ச் சேருவதற்குள் ஒருத்தி தோளில் இன்னொருத்தி தூங்கிவிடுவாள். திரும்பி வரும்போது விரலெல்லாம் பசை நாற்றம். அந்தக் கையாலேயே மாதம்மாள் ஊரிலிருந்து கொண்டுவந்த புளியங்காயை உப்பில் தொட்டுத் தின்பார்கள். பல் கூசக் கூச, சூப்பர்வைசர் மூக்கைச் சொறிவதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த சிரிப்பு காந்தாவுக்கு அப்புறம் எங்கேயும் வாய்க்கவில்லை.

மாதம்மாளுக்குப் புதூர்நாட்டில் கல்யாணம் கூடியது. காந்தா போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்றைக்குக் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மலைக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று நினைத்தாள். அடுத்த வாரமே தெரிந்துபோனது.

பண்ணைக்குள் நுழைந்ததும் ஆறு வயசுக் கலையரசன் ஆட்டுப் பட்டிக்கு ஓடினான். அவன் அக்கா அபிநயா பாவாடையை இழுத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இந்த ஆடு என் பாவாடைய தின்னுது."

"தின்னட்டும் வுடு. டிக்கெட்ல அதுவும் சேத்திதான்," என்றான் பார்த்திபன்.

சமையல் கொட்டகையில் மாதம்மாள் நின்றாள். கன்னம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. காந்தாவைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்று, மறுபடி மாவை அள்ளியது.

"வாங்க மேடம். பசங்கள தள்ளி நிக்கச் சொல்லுங்க, உலை கொதிக்குது."

"மாதம்மா, நான்தான்."

"தெரியுதுங்க."

மாதம்மாள் மாவை உலையில் கொட்டினாள். களி கிண்டும்போது பானை ஆடாமல் கவை பிரிந்த கோலால் அழுத்திப் பிடிக்க விருந்தாளிகளில் ஒருவரைக் கூப்பிடுவது அங்கே வழக்கம். பார்த்திபன் முந்திக்கொண்டு போனான். நாலாவது சுற்றிலேயே பானை சாய்ந்தது.

"சார், பானைய புடிக்கச் சொன்னா அதுகூட டான்ஸ் ஆடறீங்களே," என்றாள் மாதம்மாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காந்தா கோலை வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தா வீட்டு அடுப்பில் இருவரும் கிண்டாத களியா? கை தானாக அமர்ந்தது. இரண்டு தலையும் ஆவிக்குள் நெருங்கி இருந்தன.

"காய்ச்சல் வுட்டுச்சா?" என்று கேட்டாள் மாதம்மாள், நிமிராமலே.

"காய்ச்சல் இல்லடி. பொய் சொன்னேன்."

"தெரியும். ஓவர்டைம் வேற பாத்தியாம், நம்ம கம்பெனி தமிழரசி சொன்னா. இன்னா கோவம் எம்மேல?"

"நீ போய்ட்டா பஸ்ல எம்பக்கத்துல யாரு உக்காருவாங்கன்னு கோவம். நீ பத்திரிகைய வச்சிட்டு சிரிச்சிக்கினே போன. என்ன வுட்டுட்டுப் போறதுல உனக்கு அவ்ளோ சந்தோஷமான்னு இருந்துச்சு."

மாதம்மாளின் துடுப்பு நின்றது.

"இதுக்கா? எங்கண்ணன ரெண்டு பஸ்ஸுக்கு நிக்க வச்சேன்டி உனக்காக. தாலி கட்டற நேரத்துல நான் ரோட்டையே பாக்கறேன். பொண்ணு ஓடிடுவாளோன்னு மாப்ள வூட்ல பயந்துட்டாங்க."

காந்தா சிரிக்கப் போய் அழுதாள். மாதம்மாள் மறுபடி கிண்டத் தொடங்கினாள். "அப்பறம் அந்த சீட்ல யாரு உக்காந்தா?" என்றாள்.

"ஆறு மாசம் பைய வச்சிக்கினு வந்தேன். அப்பறம் ஷோபனா வந்து பைய எடுடின்னா."

"அவளா. கொறட்ட வுடுவாளே."

"அதான்."

மாதம்மாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "கட்டி தட்டுது பாரு, அழுத்திப் புடி. அடுத்த மாசம் எஞ்சின்னப் பொண்ணுக்கு காது குத்தறோம். உனக்குப் பத்திரிகை வைக்க மாட்டேன், வச்சா காய்ச்சல் வந்துடும். மொத நாளே வந்துடு."

களி உருண்டைகள் இலைக்கு வந்தன. பார்த்திபனையும் பிள்ளைகளையும் உட்கார வைத்துவிட்டு, காந்தா மாதம்மாளிடம், "உங்க வூடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவ்வளவு சிநேகம் இருந்தும் அந்த வீட்டை அவள் பார்த்ததே இல்லை.

மாதம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வேலி வரை கூட்டிப்போனாள். பஸ் நிற்கும் இடம், அங்கிருந்து பலா மரம், மரத்துக்குப் பக்கத்தில் இறங்கும் தடம், மூன்றாவதாக நீல ஷீட் போட்ட வீடு. காந்தா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். இலையில் களி ஆறிக்கொண்டிருந்தது. அவள் மறுபடியும் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.