எண்ணெய்த் துளை

அன்று அந்த வண்டிக் கொட்டகையில் இருந்தவர்கள்: வண்டியின் சொந்தக்காரர் விஜயகுமார். அவருடைய அம்மா நாகம்மா. வண்டியை வாங்கப் பெங்களூரிலிருந்து வந்த ஹரீஷ்குமார். நான். சுவருக்கு அந்தப் பக்கம் கறவை மாடுகள். அவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

வண்டி ஜெர்மன் மோட்டார் சைக்கிள். என்னைவிட வயது அதிகம். நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்று செய்தது, எருமைக் கனம். செயின் கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓர் இரும்புத் தண்டு போகும், அதுதான் டிரைவ்ஷாஃப்ட். தடித்த குழாய் ஒன்றுக்குள் எண்ணெயில் குளித்தபடி சுற்றும். அதன் மூட்டு தேய்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து புது ஷாஃப்ட் வரவழைத்து, மாட்டித் தர என்னைக் கூப்பிட்டார் விஜயகுமார்.

நான் டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்து, அதையும் விட்டவன். உருக்கமான காரணம் எதுவும் இல்லை, பிடிக்கவில்லை. விஜயகுமார் ஓசூரில் பழைய வண்டிகளைச் சரிசெய்து விற்கும் ஷெட் ஒன்றைத் திறக்கப் போகிறார். "இத ஒழுங்கா முடிச்சுக் குடு பாலாஜி. இன்னிக்கே ஷெட்டு சாவிய உன் கையில குடுத்துடறேன்" என்றிருந்தார். பகல் வேலை. கம்பெனி பஸ்ஸில் மறுபடி ஏறக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

அவர்கள் ஊர் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கம். கொட்டகைக்கு இரண்டு வழி. தெருப்பக்கம் பெரிய இரும்புக் கதவு. பின்னால் மாட்டுக்கொட்டிலைத் தாண்டி வரும் சின்னக் கதவு. என் அப்பா கரியப்பன் இவர்கள் வயலில் வேலை செய்த காலத்தில் வந்துபோனது பின்வழியாக. எனக்கும் அதைத்தான் காட்டினார்கள். சாணியை மிதித்துக்கொண்டு உள்ளே போனேன்.

பழைய ஷாஃப்டை உருவியபோது குழாயிலிருந்து கறுப்புக் கூழ் வழிந்தது. கூழ்முட்டை நாற்றம். இரும்புப்பொடி அதில் மினுங்கியது. மூட்டு, விழப்போகும் பல் போல ஆடியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் லாரிகளுக்கு நடுவே பின்சக்கரம் அப்படியே நின்று ஆளைத் தூக்கி எறிந்திருக்கும். குழாயைக் கழுவித் துடைத்தேன். புது ஷாஃப்டைச் செருகினேன். கியர்பாக்ஸோடு சேர்கிற நாலு போல்ட்டையும் புதிதாகப் போட்டு இறுக்கினேன்.

"ஸ்பிரிங் வாஷர் போடலையா?" என்றார் விஜயகுமார்.

"இதுக்குப் போடக்கூடாதுங்கண்ணா. போல்ட்டு குட்டை. வாஷர் போட்டா மரை புடிக்காது."

"என்னமோ. கழண்டு உழுந்தா உன்னத்தான் புடிப்பேன்."

"உழுந்தவரு எந்திரிச்சு வந்து புடிக்கட்டும்."

சிரித்தார். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்.

ரப்பர் உறையை மாட்டி, மேல்துளை வழியாக எண்ணெயை ஊற்றினேன். அது இறங்கியபின் அளவு பார்த்துத்தான் மூட வேண்டும். துளையைத் திறந்தபடி விட்டு, கை கழுவ மாட்டுத்தொட்டிக் குழாய்க்குப் போனேன்.

திரும்பி வந்தபோது நாகம்மா சொம்போடு நின்றிருந்தார். வண்டி ஹேண்டில்பாரிலிருந்து வால்வரை நனைந்திருந்தது. மஞ்சள் தண்ணீர். அதில் கோமியம். மகனிடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: காலையிலிருந்து அவன் மேலே விழுந்து புரண்ட வண்டி, அதை அப்படியேவா இன்னொருத்தருக்குக் கொடுப்பது? தெலுங்கில் பேசினால் எனக்குப் புரியாது என்று அவருக்கு நினைப்பு. இந்த எல்லையில் பிறந்த நாய்க்குக்கூட மூன்று மொழி தெரியும்.

மஞ்சள் தண்ணீர் குழாயின் மேலாக ஓடி, துளைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, தொளை தொறந்து கெடக்குது."

"கொஞ்சம் உள்ள போனா போவட்டும். நல்லதுதான்டா."

விஜயகுமாரைப் பார்த்தேன். "வடிச்சிட்டு வேற எண்ணெய் ஊத்தணும்ண்ணா. தண்ணி நின்னா புது ஷாஃப்டத் துரு தின்னுடும்."

"ஞாயித்துக்கிழம எவன்டா எண்ணெய் குடுப்பான்? அவுரு கார் வந்துடுச்சு. மூடு."

"கெட்டுடும்ண்ணா."

"அவுரு வண்டி ஆனப்புறம் கெட்டா கெடட்டும்."

நான் மூடவில்லை. அவரே ஸ்பானரை வாங்கி மூடினார். ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் போட்டு ஓடவிட்டார். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. என் வேலை சுத்தம். உள்ளே இருந்ததுதான் அசிங்கம்.

ஹரீஷ்குமார் இரும்புக் கதவு வழியாக வந்தார். வெள்ளை ஷூ. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் என்னிடம் கேட்டார். "ஷாஃப்ட் நீங்க மாத்தினதா? ஏனும் பிராப்ளம் இல்லல்லா?"

"சொல்லு பாலாஜி" என்றார் விஜயகுமார். ஓசூர் ஷெட்டின் சாவி அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

வண்டியை அணைத்துவிட்டு மண்டியிட்டேன். பழைய டப்பாவை வைத்து, குழாயின் அடிமூடியைத் திறந்தேன். மோரில் மஞ்சள் கரைத்தது மாதிரி கெட்டியாக, நுரையோடு வழிந்தது. ஹரீஷ்குமார் விரலால் தொட்டு முகர்ந்தார்.

"ஏனு இது, இப்படி நாறுது?"

"மாட்டு மூத்திரம் சார். நான் தொட்ட வண்டின்னு ஊத்தினாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு சளசளவென்று பெய்தது.

ஹரீஷ்குமார் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. விஜயகுமாரிடம், "கோமியா ஒள்ளேது, நல்லதுதான். ஆனா கியருக்கு ஆகாது சார். கழுவி வேற ஆயில் ஊத்தி வைங்க, நெக்ஸ்ட் சண்டே வந்து எடுத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு. துளைக்குள் போனது தப்பு. ஊற்றியதில் ஒன்றும் இல்லை.

அவர் கார் ஏறிப் போனதும் விஜயகுமார் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். "ஒரு அஞ்சு நிமிசம் வாய மூடினு இருக்க முடியலல்ல உனக்கு? கௌம்பு. அந்த ஷெட்டுப் பக்கம் உன்னப் பாக்கக்கூடாது."

ஸ்பானர்களைத் துடைத்துப் பையில் போட்டேன். தெருப்பக்கம் நடந்தேன்.

"டேய், அங்க எங்கடா போற?" என்றார் நாகம்மா. "வந்த வழியில போ."

"வந்த வழி பூரா சாணியா கெடக்குதுங்கம்மா."

இரும்புக் கதவைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தேன். ஹரீஷ்குமார் போனபோது திறந்தே கிடந்த கதவு. இப்போது முதுகுக்குப் பின்னால் அதை இழுத்துச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டும்.