வளர்ந்த வண்டி

கோல்ட் ஸ்டோரேஜில் பெட்டி தூக்குகிறவர்களிலிருந்து பேக்கரி கல்லாவில் உட்காருகிறவர் வரை எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். மாமனார் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் வண்டியோடும் மாப்பிள்ளையாகிப் போனான். ஃப்ரீசர் வண்டி மாமனாருடையது, ஓட்டுவது இவன். காலையில் பக்கத்து சீட்டில் ஏறி உட்காருகிற மாமனார், கடைசிக் கடைக்குச் சரக்கு போய்ச் சேரும்வரை அந்த இடத்தை விடமாட்டார்.

ஊருக்குள்தான் ஓட்டம். உறைந்த கோழி, மீன், பட்டாணி, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் கிடங்கில் ஏற்றி ஓட்டல்களுக்கும் பேக்கரிகளுக்கும் கொண்டுபோய்ப் போட வேண்டும். தூரம் ஒன்றுமில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு கதவைத் திறக்க வேண்டும், திறக்கும்போதெல்லாம் குளிர் வெளியே ஓடும். மாமனாரின் கண் டிகிரி காட்டும் சின்னப் பெட்டியை விட்டு அகலாது.

"மாப்பிள்ளை, கதவு?"

"சாத்திட்டேன் மாமா."

"அழுத்திச் சாத்துனீங்களா?"

"அழுத்தித்தான் மாமா."

வீட்டிலும் இதே கதைதான். மனைவியோடு தெருமுனை வரை நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால், "சீக்கிரம் வந்துடுங்க" என்று வாசலில் நிற்பார். கெட்ட மனிதராக இருந்தால் ஒரு சண்டையோடு வெளியேறியிருக்கலாம். குழம்பில் கிடக்கும் நல்ல துண்டாகத் தேடி எடுத்து இவன் தட்டில் வைக்கிறவரிடம் எந்த வாயால் சண்டை போடுவது?

அப்படியிருக்கும்போதுதான் ஒரு தொழிற்சாலையில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. தங்குவதற்கு இரண்டு அறை வீடும் கொடுத்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

"நீங்களே சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "நான் சொன்னா எங்கப்பா அழுதுடுவாரு. நீங்க சொன்னா திட்டுவாரு. திட்டுன்னா வாங்கிக்கலாம், அழுகைய என்ன பண்றது?"

அந்த வாரம் முழுக்க அவன் திட்டு வாங்கத் தயாராகத்தான் வண்டியில் ஏறினான். வாய் வரை வந்தது ஒவ்வொரு நாளும் தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போனது. வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

அன்று ஒரு பெரிய ஓட்டலுக்கு நிறைய சரக்கு. பின்பக்க வாசலைத் தோண்டிப் போட்டிருந்ததால், கார் நிறுத்தும் பேஸ்மென்ட் வழியாகப் போகச் சொன்னான் செக்யூரிட்டி. சரிவு போய் முடிகிற இடத்தில் தலைக்கு மேல் கான்கிரீட் உத்தரம். மாமனார் இறங்கி முன்னால் போய் நின்று, "வாங்க, வாங்க, அப்படியே வாங்க" என்று கைகாட்டினார். வண்டியின் நெற்றியில் இருந்த கூலிங் மெஷினுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. உரசாமல் உள்ளே போய்விட்டார்கள்.

சமையலறை ஆட்கள் வந்து பெட்டி பெட்டியாக லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த பேக்கரிக்கான ஐஸ்கிரீம் மட்டும் மூலையில் மிச்சம். மாமனார் ஏறிக்கொண்டார். வந்த வழிதானே என்று அவன் வண்டியை விட்டான். சரிவு தொடங்கும் இடத்தில் மேலே நறநறவென்று ஒரு சத்தம். சட்டென்று பிரேக்கை மிதித்தான்.

"என்ன சத்தம்?"

"மேல இடிக்குது மாமா."

"இதே வழியாத்தானே வந்தோம்? சரக்கு எறக்குறதுக்குள்ள வண்டி வளந்துடுச்சா?"

வளர்ந்துதான் இருந்தது. பாரத்தில் அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்குகள் பாரம் இறங்கியதும் நிமிர்ந்துவிட்டன. அவன் விளக்கிச் சொன்னான். மாமனார் கதவைத் திறந்து பார்க்கப் போனார். கதவு கையகலம் திறந்து சுவரில் முட்டியது. இவன் பக்கமும் சுவர்தான். பின்னால் போகலாம் என்றால் வெளியே போகிற கார்கள் அதற்குள் வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில் நிறுத்தியிருந்தவர் காரைப் பூட்டிவிட்டு, யாரையோ சத்தம் போடுவதற்காக மேலே போயிருந்தார்.

செக்யூரிட்டி முன்கண்ணாடிக்கு வெளியே நின்று பானட்டைத் தட்டினான். "இஞ்சின நிறுத்துங்க! கீழ பூரா புகை!"

அவன் நிறுத்தினான். கூலிங் மெஷினும் நின்றது. புழுக்கம் வந்து முகத்தில் அப்பியது. சின்னப் பெட்டியில் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. மாமனார் துண்டால் கழுத்தைத் துடைத்தார், ஜன்னலுக்கு வெளியே கைநீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார், திரும்பத் துடைத்தார்.

"இனிமே இந்த வழியே வேணாம். அடுத்த வாரத்துலேருந்து நீங்க ஓட்டல்காரங்கள மேல வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

"அடுத்த வாரம் நான் வரமாட்டேன் மாமா."

இத்தனை நாள் ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வரவில்லை. இதுதான் வந்தது. வந்த பிறகு மிச்சத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. பஸ், வீடு, திங்கட்கிழமை, எல்லாவற்றையும் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான்.

"என் பொண்ணும் வர்றாளா?"

"வர்றா மாமா."

"நான் என்ன, உங்கள பூட்டியா வெச்சேன்?"

அவனுக்கு இரண்டு பக்கச் சுவரும் கண்ணில் பட்டன. "பூட்டல மாமா. பூட்டியிருந்தா தெறங்கன்னு கேட்டிருப்பேன்."

பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். திட்டு இப்போது வரும் என்று அவன் காத்திருந்தான். கதவைத் திறந்துகொண்டு ஓடவும் வழியில்லை. மாமனார் துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். அதைத் தாங்க முடியாமல் இவனே, "வண்டிக்கு ஒரு ஆளப் பாத்துக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்றான்.

"ஆள் கெடைப்பான்." மாமனாரின் குரல் இறங்கியிருந்தது. "பக்கத்துல ஒக்காந்து யார்கிட்ட பேசறது?"

அவன் திரும்பிப் பார்த்தான். தொணதொணப்பு என்று இவன் இவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதெல்லாம் அவருக்குப் பேச்சாக இருந்திருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் செக்யூரிட்டி ஓடிவந்து, "ரிவர்ஸ்ல வாங்க, கார் எல்லாம் எடுத்தாச்சு" என்று கத்தினான்.

பின்னால் எடுத்து, அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினார்கள். டயரில் காற்றை இறக்கலாம் என்றான் செக்யூரிட்டி. கொஞ்சம் இறக்கிப் பார்த்தார்கள், போதவில்லை. அதற்கு மேல் இறக்கினால் டயர் கிழிந்துவிடும். சரக்கைத் திரும்ப ஏற்றலாமா என்று கேட்டதற்குச் சமையல் மாஸ்டர் கும்பிடு போட்டார். "பாதி அடுப்புல இருக்குங்க."

"அப்ப உங்க ஆளுங்கள அனுப்புங்க" என்றார் மாமனார். "பெட்டிக்குப் பதிலா மனுஷங்க ஏறட்டும்."

நல்ல கனமான ஆட்களாகப் பார்த்து அனுப்பினார் மாஸ்டர், கடைசியில் அவரும் வந்தார். அந்தக் கனத்த ஊர்வலத்துக்கு முன்னால் மாமனார் ஏறினார்.

"நீங்க எதுக்கு மாமா? உள்ள குளிரும்."

"என் வண்டி குளிரு எனக்குத் தெரியாதா? நீங்க ஓட்டுங்க."

எல்லோரும் உள்ளே, கூலிங் மெஷின் இருக்கும் முன்பக்கத்தோடு ஒட்டி நின்றார்கள். கதவை அவன்தான் சாத்தினான். அழுத்திச் சாத்துனீங்களா என்று கேட்க யாருமில்லை. பக்கத்து சீட் காலியாக, வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். உத்தரம் நெற்றிக்கு மேல் வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டான். லேசாக ஒரு கீறல் சத்தம், அவ்வளவுதான். சரிவில் ஏறி வெயிலுக்கு வந்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். மாஸ்டர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, "உங்க மாப்பிள்ளை நல்லா ஓட்டுறாருங்க" என்று பற்கள் தந்தியடிக்கச் சொல்லியபடி இறங்கினார். மாமனார் கடைசியாக இறங்கினார். குளிரிலா வேறெதிலா தெரியவில்லை, கண்கள் சிவந்திருந்தன.

பேக்கரிக்காரர் ஐஸ்கிரீம் டப்பாவை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். வேறு நாளாக இருந்தால் மாமனார் ஒரு மூச்சு சண்டை போட்டிருப்பார். அன்று "சரிங்க" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். வீட்டுத் தெரு திரும்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கெழம பஸ் ஓடுமா?"

"லீவு மாமா."

"அன்னிக்கு மட்டும் வந்துட்டுப் போங்களேன். மத்த நாளுக்கு ஆள் வெச்சுக்கறேன்."

முடியாது என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். "சரி மாமா" என்று அவன் குரல் அவன் காதிலேயே விழுந்தது.

மனைவி கதவோரத்திலேயே பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டீங்களா? திட்டுனாரா?"

"திட்டல. ஞாயித்துக்கெழம வரச் சொல்லியிருக்காரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் செருப்பைக் கழற்றக் குனிந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு சிரித்துவிட்டாள்.

திங்கட்கிழமை பஸ் நிறைய ஆட்கள். எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த நிம்மதியை வாரம் முழுக்க அவன் கொஞ்சம் கொஞ்சமாக ருசித்தான். சனிக்கிழமை சாயங்காலம் மாமனார் போன் செய்தார். புதிதாக வந்தவன் நன்றாகத்தான் ஓட்டுகிறானாம். காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே ஓட்டுகிறானாம்.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமாவே வந்துடுங்க மாப்பிள்ளை" என்றார்.