பன்னிரண்டு நிமிடம் ஆடியவள்

நாற்பத்தொன்றாம் எண் பஸ்ஸின் கண்டக்டர் ஹேசல் த்ரெல்ஃபால், நடக்கப்போவதை நடந்து முடிந்ததுபோலப் பேசுகிறவள். வடமாவட்ட மகளிர் கோப்பைக்கு ஸ்கார்டேல் அணியின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்த ஆகஸ்ட் மாலையில், பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் அத்தனை பேரையும் புல்லில் உட்காரவைத்துச் சொன்னாள்:

"ஏப்ரல் கடைசி சனிக்கிழமை ஃபைனல். அன்னிக்கு யார் வீட்டுக் கல்யாணமா இருந்தாலும் வரமுடியாதுன்னு இப்பவே சொல்லிடுங்க."

"மொத ரவுண்டே இன்னும் ஆடல தாயே," என்றாள் பெரில் கேட்டரால். நூல் ஆலை கேண்டீனில் சமைப்பவள். வயது நாற்பத்தொன்று. யாருக்காவது காலில் அடிபட்டால் மட்டும் களத்தில் இறங்குவாள்.

"அதுக்கென்ன, போற வழியில அதையும் ஆடிடுவோம்."

அணிக்கு மேலாளர் கிளிஃபோர்ட் நட்டல். ஹேசல் டிக்கெட் கிழிக்கும் அதே பஸ்ஸின் டிரைவர். ஊரின் ஆண்கள் கிளப் தன் மைதானத்தைத் தர மறுத்துவிட்டதால், நகராட்சிப் பூங்காவில் ஒரு பக்கம் சரிந்து கிடந்த புல்வெளிதான் அவர்களுடைய ஆடுகளம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் கிளிஃபோர்ட் மண்வாரியோடு போய் நாய்கள் விட்டுச்சென்றதை அள்ளிப்போட்டுவிட்டு வருவார். ஹேசல் தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்பாள். ஐந்தடி பத்தங்குல உயரம். மேலே வருகிற பந்து எதுவானாலும் அது தன் நெற்றிக்கென்றே வருகிறது என்று நினைப்பவள்.

கோப்பை ஆட்டத்தில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. தோற்றால் அன்றோடு வீட்டுக்கு. செப்டம்பரில் கொட்டும் மழையில் முதல் அணியை ஐந்து கோல் போட்டு அனுப்பினார்கள். அக்டோபரில் சேற்றில் உழன்று மூன்றுக்கு இரண்டு. நவம்பரில் கடலோர ஊர் ஒன்றில் அடித்த காற்றில், தங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து திரும்பித் தங்கள் தலைக்கு மேலேயே பறந்துபோன கூத்தையும் மீறி ஒரே கோலில் ஜெயித்தார்கள். அதோடு கால் இறுதி. அது பிப்ரவரியில்.

ஜனவரியில் லின் சோவர்பி வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது. டிசம்பரில் ஸ்கார்டேல்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தவள், நூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த வாரமே பூங்காவுக்கு வந்து, "இடது பக்கம் ஆடுவேன். ஆள் வேணுமா?" என்று கேட்டாள். சாதாரண லீக் ஆட்டம் மூன்றில் இறக்கிப் பார்த்தார்கள். ஏழு கோல். அவள் பந்தோடு ஓடும்போது எதிரணிப் பெண்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப்போல நின்று பார்த்தார்கள்.

"கடவுள் அனுப்பி வச்ச பொண்ணு ஹேசல்," என்றார் கிளிஃபோர்ட்.

"கடவுளுக்கே இப்பத்தான் நம்ம விலாசம் கெடைச்சிருக்கு போல," என்றாள் அவள்.

கால் இறுதிக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, லின் வேலைக்குப் போக பஸ் ஏறினாள். கூட்டமில்லை. ஹேசல் அவள் பக்கத்தில் சாய்ந்து நின்று, ஞாயிறன்று எதிரணியின் வலது பக்கத்துத் தடுப்பாட்டக்காரியை எப்படி ஏமாற்றுவது என்று பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கோப்பையில எனக்கு ராசியே இல்ல கேப்டன்," என்று லின் சிரித்தாள். "செப்டம்பர்ல எங்க ஊர் மார்விக்குக்காக இறங்கினேன். கடைசிப் பன்னெண்டு நிமிஷம். அதுக்குள்ள ரெண்டு கோல் வாங்கி வெளிய போயிட்டோம்."

ஹேசலின் விரல் டிக்கெட் இயந்திரத்தின் பிடியில் அப்படியே நின்றது.

"இதே கோப்பையிலயா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. உன் ஸ்டாப் வருது, எறங்கு."

பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றதும், ஹேசல் டிரைவர் அறையின் கண்ணாடியைத் தட்டினாள். கிளிஃபோர்ட் தேநீர்க் குடுவையைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டார். கோப்பை விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் ஒன்பதாவது விதி. ஒரே பருவத்தில் ஒருத்தி இரண்டு அணிக்காகக் கோப்பையில் ஆடக் கூடாது. ஒரு நிமிடம் ஆடினாலும் ஆடியதுதான். மீறினால் அணிக்கே கல்தா.

அவர் இரண்டு மடக்கு குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மார்விக்குக்கு ஆடினது லின் பிக்கப். நம்ம பொண்ணு லின் சோவர்பி. கல்யாணமாயி பேரே மாறிப்போச்சு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீதான் யார்கிட்டயும் சொல்லமாட்டியே."

"கிளிஃப், ஆடறவங்க பட்டியல்ல கேப்டன் கையெழுத்து யாரோடது? என்னோடது. ஏப்ரல்ல கோப்பையத் தூக்கறப்போ, எந்த மூலையிலேர்ந்து எவ எந்திரிச்சு 'ஏய், அது பிக்கப் பொண்ணாச்சே'ன்னு கத்துவாளோன்னு பயந்துகிட்டே தூக்கணுமா? அப்பிடி ஒரு கோப்பை எனக்கு வேணாம். அவ இல்லாமலே ஜெயிப்போம்."

"இடது பக்கம் யார் ஆடறது?"

"பெரில்."

கிளிஃபோர்ட் தேநீரைத் துப்பாத குறை. "பெரிலா? பந்து அவளைத் தாண்டிப் போனா அதுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிக்கற ஆளு ஹேசல் அவ!"

"ஒதுங்காம நிக்கச் சொல்லிக் குடுங்க. நீங்கதானே மேனேஜர்?"

அன்று மாலை பயிற்சியில் லின்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னபோது நிலைமை இத்தனை எளிதாக இல்லை. அந்தப் பெண்ணின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு காது வரை சிவந்தது.

"பன்னெண்டு நிமிஷம்! ரெண்டே தடவதான் பந்தைத் தொட்டேன்! அதுல ஒண்ணு த்ரோ!"

"தெரியுது லின்."

"நான் வாயத் தெறந்திருக்கலேன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? உண்மையச் சொன்னதுக்குத் தண்டனையா?"

"விதிய நான் எழுதல."

"எழுதல, சரி. ஆனா அதைப் பிடிச்சுத் தொங்கறது நீங்கதானே? நானில்லாம நீங்க எப்பிடி ஜெயிக்கறீங்கன்னு பாக்கறேன்." காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் காலுறையோடு ஈரப் புல்லில் நடந்து போய்விட்டாள். ஹேசல் கூப்பிடவில்லை. அவள் கோபம் நியாயமான கோபம் என்றுதான் ஹேசலுக்கும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினோராம் எண் சட்டையில் பெரில் நின்றாள். சட்டை வயிற்றில் இறுகிப்போயிருந்தது. அவளிடம் வந்த பந்தெல்லாம் ஒன்று வெளியே போனது, இல்லை எதிராளியிடம் போனது. இருபதாவது நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. அந்தப் பருவத்தில் முதல்முறையாக ஹேசலுக்குச் சந்தேகம் வந்தது. தன் பிடிவாதத்துக்குப் பன்னிரண்டு பேரைப் பலிகொடுத்துவிட்டோமோ? ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் அவளே முன்னேறிப்போய் ஒரு கார்னர் பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினாள். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் சமன் என்பதால், அடுத்த ஞாயிறு எதிரணியின் ஊரில் மறு ஆட்டம்.

நடுவர் ஊதி முடித்ததும் ஹேசல் வேலியைப் பார்த்தாள். பூங்காவின் வாசலில் நீலக் கோட்டுக்காரி ஒருத்தி சட்டென்று திரும்பி நடப்பது தெரிந்தது. லின்னிடம் ஒரு நீலக் கோட்டு உண்டு.

திங்கட்கிழமை மதியம் பஸ் நூல் ஆலையைத் தாண்டும்போது கிளிஃபோர்ட் நிறுத்தமில்லாத இடத்தில் பிரேக் போட்டார். ஆலை முற்றத்தில், கேண்டீன் ஏப்ரனோடு பெரில். எதிரே பந்தோடு லின்.

"அலமாரிக் கதவை உதைச்சுச் சாத்தற மாதிரி உதைக்காதீங்க!" என்று லின் கத்துவது தெருவுக்கே கேட்டது. "உள்காலால! உள்காலால தள்ளணும்!"

"என் கால்ல உள்ளும் கெடையாது வெளியும் கெடையாது கண்ணு, ஒரே சதைதான்!"

"மறுபடியும்!"

பஸ்ஸில் இருந்த முதியவர் ஒருவர் ஏன் வண்டி நிற்கிறது என்று கேட்டார். "ஒரு முக்கியமான விஷயம் ஐயா, ஒரு நிமிஷம்," என்றாள் ஹேசல். பெரில் உதைத்த பந்து இந்த முறை வளைந்துபோய் நிலக்கரிக் குவியலின் உச்சியில் விழுந்தது. லின் கைதட்டினாள். ஹேசல் மணியை இரண்டு முறை அடித்தாள்; பஸ் கிளம்பியது.

மறு ஆட்டத்துக்குக் கிளம்பிய அணி வேனில் லின் வந்து ஏறி, ஹேசலுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

"உங்க மேல கோவம் இன்னும் போகல," என்றாள்.

"போக வேணாம். பெரிலுக்கு எப்பிடி இருக்கு?"

"பத்துக்கு மூணு சரியா போகுது."

"மூணு போதும்."

இரண்டு கோலில் ஜெயித்தார்கள். இரண்டுமே வலது பக்கத்திலிருந்து வந்தவை. ஆனால் பெரில் பந்துக்கு ஒதுங்கி வழிவிடவில்லை, அதுவே பெரிய முன்னேற்றம். அரை இறுதியில் எதிரணிக் கோல்கீப்பர் அன்று வாழ்நாள் ஆட்டம் ஆடினாள். கூடுதல் நேரத்தில், சேற்றில் வழுக்கிய ஒரு பந்துதான் அவளைத் தோற்கடித்தது. லின் ஒவ்வொரு ஆட்டத்திலும் தண்ணீர் வாளியும் பஞ்சுமாக எல்லைக் கோட்டோரம் ஓடினாள். கிளிஃபோர்டைவிட அவள் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை, தொழில்முறை கிளப் ஒன்றின் மைதானம். உண்மையான இருக்கைகள், உடை மாற்றும் அறையில் வெந்நீர். எதிரணி பிரென்ட்ஹோம், அரை இறுதியில் எட்டு கோல் போட்டு வந்தவர்கள். பெரில் புல்லைக் குனிந்து தொட்டுப்பார்த்தாள். "என் வீட்டுக் கம்பளம்கூட இப்பிடி இல்லடி."

பிரென்ட்ஹோம் பத்தாவது நிமிடத்திலேயே கோல் போட்டது. அதன்பின் இடைவேளை வரை பந்து ஸ்கார்டேலின் பாதியைவிட்டு நகரவேயில்லை. உடை மாற்றும் அறையில் கிளிஃபோர்ட் வாய் திறக்குமுன் ஹேசல் பேசினாள்.

"அவங்க ஓடித் தீத்துட்டாங்க. அந்த ஒம்பதாம் நம்பர் இடுப்புல கைய வச்சுகிட்டு நிக்கறா, பாத்தீங்களா? நாம சரிவுல ஆடிப் பழகினவங்க. இங்க தரை சமமா இருக்கு. நமக்கு இது ஓய்வு மாதிரி. போய் ஜெயிச்சுட்டு வருவோம், தேநீர் ஆறிடும்."

அவள் சொன்னதில் பாதி அந்த நேரத்தில் தோன்றியது. ஆனால் அறுபதாவது நிமிடத்தில் பிரென்ட்ஹோம் பெண்களின் கால்கள் கனத்தது எல்லோருக்கும் தெரிந்தது. எழுபதாவது நிமிடத்தில் ஸ்கார்டேலுக்குப் பெனால்டி; மருத்துவமனைத் தாதி கிளெனிஸ் ஊசி போடும் நிதானத்தோடு அதைக் கோலாக்கினாள்.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம். இடது ஓரத்தில் பந்து பெரிலின் காலடியில் வந்து நின்றது. ஹேசல் யோசிக்கவில்லை, தன் இடத்தைவிட்டு ஓட ஆரம்பித்தாள். எல்லைக் கோட்டோரம் லின், வாளியைப் போட்டுவிட்டு, பெரிலோடு சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தாள்.

"உள்காலு! உள்காலு! இப்ப!"

பெரில் உள்காலால் தள்ளினாள். பத்துக்கு மூன்றில் ஒன்று அது. பந்து உயர்ந்து, தடுப்பாட்டக்காரிகளின் தலைக்கு மேல் வளைந்து, ஓடிவந்த ஹேசலின் நெற்றிக்கு நேராக இறங்கியது. முட்டினாள். விழுந்தாள். வாயில் புல்லோடு நிமிர்ந்தபோது வலை ஆடிக்கொண்டிருந்தது. பெரில் அவள்மேல் வந்து விழுந்ததில் விலா எலும்பு ஒன்று வலித்தது. அந்த வலி ஒரு வாரம் இருந்தது.

பதக்கம் பன்னிரண்டுதான். லின்னுக்கு இல்லை. வேனில் ஏறும்போது ஹேசல் தன் பதக்கத்தை அவள் பக்கம் நீட்டினாள்.

"உள்ள வைங்க," என்றாள் லின். "இரவல் பதக்கம் எனக்கெதுக்கு? அடுத்த வருஷம் பதினோராம் நம்பர் சட்டை என்னோடது. என் பதக்கத்த நானே எடுத்துக்கறேன்."

"அப்போ நான்?" என்றாள் பெரில்.

"நீங்க வாளி."

மலைப்பாதை ஏறுமுன் ஒரு மீன்வறுவல் கடையில் வேனை நிறுத்தினார்கள். வரிசையில் நின்ற ஹேசலின் கையில் கோப்பை. கடைக்காரர் உருளைக்கிழங்கை அள்ளிக்கொண்டே அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குக் குடுத்தாங்க கண்ணு? கேக் போட்டியா?"

"கால்பந்துக்கு."

"யாரு ஜெயிச்சது?"

"நாங்க."

அவர் ஒரு கணம் அவளுடைய சேறு படிந்த நெற்றியைப் பார்த்தார். பிறகு கரண்டியை மறுபடி எண்ணெய்க்குள் விட்டு, பெரிய மீன் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தார். பின்னாலிருந்து பெரில், வினிகரை நிறைய ஊற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.