மாடியிலிருந்து வந்த பதில்

மேல் வீட்டு எலக்ட்ரீஷியனுக்கும் கீழ் வீட்டு பஸ் டிரைவருக்கும் ஏழாம் பொருத்தம். மேலே குளியலறையில் கசிந்த தண்ணீர் கீழே சுவரையெல்லாம் நாசமாக்கியதில் தொடங்கிய சண்டை அது. வருஷங்கள் ஓடியும் ஆறவில்லை. படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், இன்னொருவர் தன் செருப்பைப் பார்ப்பார். நல்லது கெட்டதுக்குக்கூட ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் நாட்டு அணி கால்பந்து ஆடும் நாளில் கதையே வேறு. அன்றைக்கு மட்டும் ஊரே ஒரு தாய் மக்கள். போன வாரம் தேர்தல் பேச்சில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் மூலைக் கடை டிவி முன்னால் தோளில் கை போட்டு நிற்பார்கள். நம் ஆள் கோல் போட்டால் போதும், டிரைவர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை டொக் டொக்கென்று தட்டுவார். மேலே எலக்ட்ரீஷியன் தரையை ஓங்கி மிதித்துப் பதில் சொல்வார். யார் முதலில் ஆரம்பித்தது என்று இருவருக்குமே தெரியாது.

"பேச மாட்டாங்களாம், தட்டிக்குவாங்களாம். நல்லா இருக்கு உங்க ரோஷம்!" என்று எலக்ட்ரீஷியனின் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அரையிறுதி அன்று சாயங்காலம், தோற்றோம் என்று எல்லோரும் கைகழுவிய நேரத்தில் நம்மவர்கள் சமன் செய்தார்கள். அடேயப்பா, தெரு அலறிய அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது! கீழேயிருந்து தட்டல் வந்தது. எலக்ட்ரீஷியன் மிதித்தார். மறுபடியும் தட்டல், முன்னைவிட வேகமாக.

"மனுஷனுக்குக் கிறுக்கு முத்திடுச்சுடி!" என்று மனைவியையும் இழுத்துக்கொண்டு குதித்தார். அங்கே தட்டத் தட்ட இங்கே மிதித்தார். பிறகு சத்தம் நின்றுவிட்டது. கை வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி நிமிஷத்தில் இன்னொரு கோல் விழுந்து ஜெயித்தார்கள். அதற்கு மட்டும் கீழேயிருந்து சத்தமே இல்லை. கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர், கீழ் வீட்டுக் கதவு ஒருக்களித்திருப்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தார். தரையில் டிரைவர். அவர் தலை மனைவியின் மடியில். பக்கத்தில் துடைப்பம் கிடந்தது. தட்டியது யார் என்று அப்போதுதான் புரிந்தது.

எலக்ட்ரீஷியன் போட்ட கூச்சலில் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே ஓடிவந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் டிரைவரைக் கைகளில் ஏந்தினார்கள். நெரிசலில் வழி விடச் சொல்லி முன்னால் ஓடினார்கள். என்ன பிரயோஜனம்? இதயம் நின்று நேரமாகிவிட்டது என்றார் மருத்துவர். மறுநாள் அத்தனை பேரும் வேலைக்கு மட்டம் போட்டு இறுதி ஊர்வலத்தில் நடந்தார்கள். எலக்ட்ரீஷியனும் தோள் கொடுத்தார். அவர் மிதித்த விஷயம் தெருவில் யாருக்கும் தெரியாது.

"சொல்லித் தொலைக்காதீங்க. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க" என்றாள் மனைவி. ஆனால் அவருக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. டிரைவர் மனைவியின் வாயால் மன்னிச்சேன் என்று ஒரு சொல் வந்தால்தான் உயிர் தரிக்கும் போலிருந்தது. இறுதிப் போட்டி நாளன்று, ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, இவர் கீழே போனார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தங்கச்சி, அன்னிக்குத் தட்டினது நீன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. அவர்தான் சந்தோஷத்துல தட்டுறார்னு..."

"தெரியும்ணே. நீங்க வேற என்னன்னு நெனப்பீங்க?"

அவள் குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அந்தத் தவிப்பில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார் பாவி மனுஷன்.

"வாசலுக்கு ஓடி வந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாமே, தங்கச்சி? தெருவுல அவ்வளவு பேர் இருந்தாங்களே!"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கதவைத் தொறந்து வெளிய கால் வெச்சுட்டேன்ணே. அப்பத்தான் நீங்க மிதிச்சீங்க. 'மேல அண்ணனுக்குக் கேட்டுடுச்சு, இதோ வந்துடுவார்'னு அவர்கிட்ட சொல்லிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துட்டேன். கடைசி வரைக்கும் அவரும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தார்."